இரண்டு தடவை தண்டிப்பதும் இரண்டு விதமாய்த் தண்டிப்பதும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சட்டத்தைப் பற்றியது. சட்டம் என்றால் அது வக்கீல்களுக்கு உரியது, நமக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் அநேகர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சாஸ்திரம் இன்னாருக்குத்தான் உரியது, நமக்கு அதில் என்ன வேலை என்று நம் முன்னோர்கள் எண்ணிக்கொண்டிருந்ததனால் வந்த பலன் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். நமக்குத் தெரியாத விஷயம் எதுவோ, அதை வைத்துத்தான் பிறர் நம்மை ஏய்க்க முடியும். ஆகையால் சட்டத்தையும் நாம் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதில் தவறொன்றும் இல்லை.

சட்டத்தில் “ஒரு குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது” என்று ஒரு விதி இருக்கிறது. நம் ஜனங்கள் இதைக் கேட்டவுடன், “ஆமாம், அவனுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயம் கூடாதல்லவா?” என்கிறார்கள். இரண்டிலும் “இரண்டு” என்ற சொல் வருவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். அவை ஒன்றல்ல. அவற்றுக்குள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால், ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்துவிடுவதற்கு எதிரிகளுக்குச் சுலபமாகிவிடும்.

ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு படி அரிசி வாங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டீர்கள். மறுநாள் அதே கடைக்காரன் உங்கள் வீட்டுக்கு வந்து, அதே அரிசிக்கு மறுபடியும் பணம் கொடு என்கிறான். இது ஒரு அக்கிரமம். இன்னொரு கடைக்காரன் இரண்டு படி வைத்துக்கொண்டிருக்கிறான். தன் ஜாதிக்காரன் வந்தால் பெரிய படியிலும், மற்றவன் வந்தால் சின்னப் படியிலும் அளக்கிறான். பணம் மாத்திரம் எல்லோரிடமும் ஒன்றாகவே வாங்குகிறான். இது வேறொரு அக்கிரமம். முதல் கடைக்காரனுடைய தவறு எண்ணிக்கையில் இருக்கிறது. இரண்டாவது கடைக்காரனுடைய தவறு அளவில் இருக்கிறது.

முதல் அக்கிரமத்தை நிரூபிக்க உங்களிடம் ரசீது இருந்தால் போதும். இரண்டாவதை நிரூபிக்க உங்கள் மூட்டையை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து வீட்டுக்காரன் மூட்டையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இதனால்தான் உலகத்தில் முதல் அக்கிரமத்தைத் தடுக்கச் சட்டம் சீக்கிரமாக வந்தது. இரண்டாவது அக்கிரமம் சட்டத்துக்குள்ளேயே வெகுகாலம் குடியிருந்தது.

விதி ஏன் வேண்டும்?

ஒருவன் மீது சர்க்கார் வழக்குத் தொடர்கிறது. சர்க்காரிடம் போலீசு இருக்கிறது, சிறைச்சாலை இருக்கிறது, ஜனங்களுடைய வரிப்பணம் இருக்கிறது. எதிரியிடம் இருப்பது அவனுடைய நாக்கும், வீட்டிலுள்ள நகையை அடகு வைத்து அமர்த்திய வக்கீலும்தான். கோர்ட்டு விசாரித்து, “நீ குற்றவாளி அல்ல” என்று சொல்லிவிட்டது. உடனே சர்க்கார், “இந்த ஜட்ஜி சரியில்லை, வேறு ஜட்ஜியிடம் மறுபடியும் ஆரம்பிக்கிறோம்” என்று சொல்லலாம் என்றால், அந்த மனிதனுக்கு என்றைக்கு விடுதலை? தண்டனை கிடைக்கும்வரை விசாரணை என்றால் அதற்கு விசாரணை என்று பேர் எதற்கு?

நம் நாட்டில் 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இரண்டாவது உட்பிரிவு, ஒருவனை ஒரே குற்றத்துக்காக ஒரு தடவைக்கு மேல் வழக்காடித் தண்டிக்கக்கூடாது என்கிறது. கிரிமினல் நடைமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், தண்டிக்கப்பட்டவனை மட்டுமல்ல, விடுதலை செய்யப்பட்டவனையும் அதே குற்றத்துக்காக மறுபடியும் விசாரிக்கக்கூடாது என்கிறது. 1973-ஆம் வருஷத்துச் சட்டத்தில் இது 300-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற, நம் வாயில் எளிதில் நுழையாத பேருடைய சட்டத்தில் 337-ஆவது பிரிவு. பேர் மாறியதே தவிர விதி மாறவில்லை.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் “இருமுறை தண்டனை” என்று சொல்லிவிட முடியாது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின்மீது அப்பீல் போவது இரண்டாவது விசாரணை ஆகாது. அது முதல் வழக்கின் தொடர்ச்சியே. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் சுங்க அதிகாரிகள் தங்கத்தைப் பறிமுதல் செய்தார்கள். பிறகு அவர்மீது கிரிமினல் வழக்கும் வந்தது. எனக்கு இரண்டு தண்டனையா என்று அவர் கேட்டார். சுங்க அதிகாரி கோர்ட்டு அல்ல, ஆகையால் இது இருமுறை தண்டனை அல்ல என்று 1953-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. அதுபோலவே உத்தியோகத்திலிருந்து நீக்குவதும் கோர்ட்டு தண்டனை ஆகாது. ஒருவன் மற்றொருவனைப் பலமாக அடித்துவிட்டு, அடித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்ற பிறகு, அடிபட்டவன் அந்தக் காயத்தினாலேயே இறந்துபோனால், கொலைக் குற்றத்துக்கு அவனைத் தனியாக விசாரிக்கலாம். முதல் விசாரணையில் இல்லாத சாவு இப்போது வந்துவிட்டதல்லவா?

கிராமத்துத் தோழர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். ஊர்ப் பஞ்சாயத்திலோ ஜாதிப் பஞ்சாயத்திலோ பெரிய வீட்டுப் பையனுக்கு நூறோ ஐநூறோ அபராதம் போட்டுவிட்டு, “தண்டனை ஆகிவிட்டது, இனிப் போலீசுக்குப் போனால் இரண்டு தண்டனை ஆகிவிடும், அது பாவம்” என்று அடிபட்டவனிடம் சொல்லுவார்கள். அது சட்டமும் அல்ல, நியாயமும் அல்ல. பஞ்சாயத்து கோர்ட்டு அல்ல. அங்கே போட்ட அபராதம் கோர்ட்டின் கதவை அடைத்துவிடாது.

பிஷப்பும் ராஜாவும்

இந்த இரண்டு விஷயங்களும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இங்கிலாந்துச் சரித்திரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. எண்ணூற்று அறுபது வருஷங்களுக்கு முன் அங்கே இரண்டாம் ஹென்றி என்பவன் ராஜா. தாமஸ் பெக்கட் என்பவர் கான்டர்பரியில் தலைமைப் பிஷப். அந்தக் காலத்தில் பாதிரி குற்றம் செய்தால் அவனை ராஜாவின் கோர்ட்டு விசாரிக்கக்கூடாது, மாதாகோவில் கோர்ட்டுதான் விசாரிக்கவேண்டும் என்று பாதிரிமார்கள் சாதித்து வந்தார்கள். மாதாகோவில் கோர்ட்டில் மரண தண்டனையே கிடையாது. கொலை செய்த பாதிரிக்கு அதிகமாய்ப் போனால் பாதிரிப் பட்டத்தைப் பறிப்பார்கள். பிராயச்சித்தம் விதிப்பார்கள். அதே கொலையைச் செய்த குடியானவன் தூக்கில் தொங்குவான்.

1163 வாக்கில் பிலிப் டி பிராய் என்ற ஒரு மாதாகோவில் அதிகாரிமேல் ஒரு வீரனைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. பிஷப்பின் கோர்ட்டில் அவன் சத்தியம் செய்தான். அவனுடைய ஆட்கள், “இவன் சத்தியம் நல்ல சத்தியம்” என்று சத்தியம் செய்தார்கள். அவ்வளவுதான், விடுதலை. ராஜாவின் ஜட்ஜி அவனை மறுபடியும் விசாரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இந்த மாதிரிச் சங்கதிகளைப் பார்த்த ராஜா, 1164-இல் கிளாரண்டன் என்ற இடத்தில் ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டான். பாதிரியை மாதாகோவில் கோர்ட்டே விசாரிக்கட்டும். குற்றவாளி என்று கண்டால் பட்டத்தைப் பறித்துவிட்டு என்னிடம் அனுப்பட்டும். மற்றவர்களுக்குள்ள தண்டனையை நான் கொடுக்கிறேன் என்றான். பெக்கட் என்ன சொன்னார்? பட்டத்தைப் பறித்ததே தண்டனை; கடவுள்கூட ஒரு குற்றத்துக்கு இரண்டு தடவை தீர்ப்புச் சொல்லுவதில்லை; ஆகையால் ராஜாவும் செய்யக்கூடாது என்றார்.

தோழர்களே! சொன்ன கொள்கை என்னவோ நல்ல கொள்கைதான். இன்றைக்கு நம் அரசியல் சட்டத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அந்தக் கொள்கையை அன்று எதற்காக உபயோகித்தார்கள்? பாதிரிக்கு ஒரு படி, குடியானவனுக்கு ஒரு படி என்ற இரட்டைப் படியைக் காப்பாற்றுவதற்காகத்தான். “இரண்டு தடவை கூடாது” என்ற நல்ல வாக்கியத்தின் நிழலில் “இரண்டு விதம் வேண்டும்” என்ற கெட்ட வழக்கம் உட்கார்ந்துகொண்டது. பாதிரி ஒருவனுக்கு எத்தனை தடவை தண்டனை என்றுதான் பெக்கட் கேட்டார். பாதிரிக்கும் குடியானவனுக்கும் ஏன் இரண்டு அளவு என்று யாரும் அவரைப் பதில் சொல்ல வைக்கவில்லை.

1170 டிசம்பர் 29-இல் ராஜாவின் ஆட்கள் பெக்கட்டைக் கோவிலுக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். அது பெரிய காட்டுமிராண்டித்தனம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பலன் என்ன ஆயிற்று? 1173-இல் அவரை மகான் ஆக்கினார்கள். ராஜா பணிந்தான். 1176-இல் பாதிரிகளைச் சாதாரணக் குற்றங்களுக்குத் தன் கோர்ட்டில் விசாரிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டான்.

பிறகு நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். படிக்கத் தெரிந்தவன் எல்லாம் பாதிரி என்று கோர்ட்டுகள் கணக்கு வைத்தன. பைபிளின் 51-ஆவது சங்கீதத்தில் முதல் அடியைப் படித்துக் காட்டினால் கழுத்து தப்பும். படிக்கத் தெரியாதவர்களும் அதை நெட்டுருப் போட்டுக்கொண்டார்கள்! இப்படித் தப்பினவன் இரண்டாம் தடவை தப்பக்கூடாதென்று 1489 முதல் கட்டைவிரலில் சூடு போட்டார்கள். உண்மையான பாதிரியாய் இருந்தால் அந்த ஒரு தடவைக் கணக்கும் கிடையாது. பென் ஜான்சன் என்ற பேர்பெற்ற நாடக ஆசிரியர் 1598-இல் ஒரு நடிகனைச் சண்டையில் கொன்றுவிட்டு இந்த வழியில்தான் உயிர் தப்பினார்.

பெண்களுக்கோ இந்தச் சலுகை கிடையாது. பெண் பாதிரி ஆக முடியாது, ஆகையால் பெண்ணுக்குத் தூக்கு. ஒரே திருட்டை ஆணும் பெண்ணும் செய்தால், ஆணுக்குச் சூடு, பெண்ணுக்குக் கயிறு. 1624-இல் சின்னத் திருட்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆண்களுக்குச் சமமாய் ஆக்க 1690-கள் வரை ஆயிற்று. இந்தப் பாதிரிச் சலுகையை அடியோடு ஒழித்தது 1827-இல். ராஜா கேட்டது 1164-இல். அறுநூற்று அறுபது வருஷங்களுக்கு மேல் இந்த இரட்டைப் படி உயிரோடு இருந்தது.

நம் நாட்டில்

இங்கிலாந்துக்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது. மனுதர்ம சாஸ்திரத்தின் எட்டாவது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். மற்ற ஜாதியாருக்கு உயிர் போகும் தண்டனை உள்ள இடத்தில் பிராமணனுக்குத் தலையை மொட்டையடித்தால் போதும். அவன் எந்தக் குற்றம் செய்தாலும் ராஜா அவனைக் கொல்லக்கூடாது. சொத்தோடு ஊரைவிட்டு அனுப்பலாம். சூத்திரன் மேல்ஜாதியானைக் கடுமையாய் ஏசினால் நாக்கை அறுக்கவேண்டும். உடனே சில பண்டிதர்கள், “திருட்டுக்கு சூத்திரனுக்கு எட்டுப் பங்கு, பிராமணனுக்கு அறுபத்து நாலு பங்கு என்று அதே அத்தியாயத்தில் இருக்கிறதே” என்பார்கள். இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டும் இடத்தில் அதிகமாய் எழுதி வைத்தவர்கள், உயிர் கொடுக்கும் இடத்தில் மொட்டையோடு விட்டுவிட்டார்களே, அதற்கு என்ன சமாதானம்? உயிரும் மயிரும் ஒரே விலையா?

இது ஓலைச்சுவடியோடு நின்றுவிட்டதென்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் கம்பெனி ஆட்சியிலேயே, காசி வட்டாரத்தில் பிராமணர்களுக்கு மரண தண்டனை கிடையாது என்று சட்டமே இருந்தது. அதை எடுத்தது 1817-இல்தான். இங்கிலாந்தில் பாதிரிச் சலுகை போனதற்குப் பத்து வருஷங்களுக்கு முன். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே சரக்கு, லேபில்தான் வேறு.

எழுதாத இரட்டைப் படி

நிற்க. இன்றைக்கு எந்த நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இம்மாதிரி வெட்கமில்லாமல் எழுதி வைப்பது அரிது. நம் அரசியல் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. அப்படியானால் இரட்டைப் படி ஒழிந்துவிட்டதா? புத்தகத்திலிருந்து ஒழிந்தது. மனிதர்களுடைய மனதிலிருந்து ஒழிந்ததா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்தில் 1955 ஆகஸ்டில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கருப்பினப் பையனை, ஒரு வெள்ளைக்காரக் கடைக்காரியிடம் மரியாதைத் தப்பாய் நடந்தான் என்று சொல்லி, இரவில் வீடு புகுந்து தூக்கிக்கொண்டு போய் அடித்துக் கொன்று ஆற்றில் போட்டார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள்மேல் வழக்கு. ஜூரிகள் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். கருப்பின மக்களை ஓட்டர் ஜாபிதாவிலேயே சேர்க்காமல் வைத்திருந்ததால் ஜூரியிலும் அவர்கள் இல்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் “குற்றவாளிகள் அல்ல” என்று தீர்ப்பு. சில மாதங்களில், 1956 ஜனவரியில், அந்த இரண்டு பேரும் ஒரு பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். பத்திரிகையில் அச்சாகி நாடெல்லாம் படித்தது. யாராலும் அவர்களை அந்தக் கொலைக்காக மறுபடி விசாரிக்க முடியவில்லை. ஏன்? இருமுறை விசாரணை கூடாதல்லவா!

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. முதல் விசாரணையிலேயே இரட்டைப் படி புகுந்துவிட்டால், “இரண்டு தடவை கூடாது” என்ற நல்ல விதி, அந்த அக்கிரமத்துக்குப் போட்ட பூட்டாக ஆகிவிடுகிறது.

நம் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய தஞ்சை ஜில்லா கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட ஆதிதிராவிட விவசாயத் தொழிலாளர்களின் வீட்டார் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு மிராசுதாரர்களைத் தண்டித்தது. ஹைகோர்ட்டு விடுவித்தது. அவர்கள் பெரிய நிலமுடையவர்கள், அவர்களில் கார் வைத்திருப்பவரும் உண்டு, அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கஷ்டமாயிருக்கிறது என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அந்த விடுதலை பிறகு மாறவே இல்லை. நான் கேட்கிறேன்: கூலிக்காரன்மேல் தீ வைத்ததாக வழக்கு வந்தால், அவனுக்குக் கார் இல்லை, நடந்துதான் போயிருப்பான், ஆகையால் நம்பலாம் என்றாகுமா? ஒருவனுடைய நிலமும் காரும் அவனுக்குச் சாட்சியாய் வந்து நிற்குமானால், நிலமும் காரும் இல்லாதவனுக்கு யார் சாட்சி?

பரிகாரம் எது?

அப்படியானால் இருமுறை விசாரணை கூடாது என்ற விதியையே எடுத்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். லண்டனில் 1993 ஏப்ரல் 22-இல் பஸ்ஸுக்குக் காத்துநின்ற ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கருப்பின வாலிபனை வெள்ளைக்கார வாலிபர்கள் குத்திக் கொன்றார்கள். போலீசார் அலட்சியமாய் விசாரித்தார்கள். 1996-இல் பெற்றோர்களே தொடுத்த வழக்கில் எதிரிகள் விடுதலை. 1999-இல் மாக்பர்சன் என்ற ஜட்ஜியின் விசாரணை அறிக்கை, போலீசு ஸ்தாபனத்திலேயே நிறவெறி ஊறியிருக்கிறது என்று சொல்லி, இந்த இருமுறை விதியைத் திருத்துவதைப் பற்றியும் யோசிக்கச் சொல்லிற்று. 2003-இல் சட்டம் வந்து 2005-இல் அமுலாயிற்று. கொலை போன்ற பெருங்குற்றங்களில், புதிய, பலமான சாட்சியம் கிடைத்தால், மேல்கோர்ட்டு விடுதலையை ரத்து செய்து, ஒரே ஒரு தடவை மறு விசாரணைக்கு உத்தரவிடலாம். இதன்படி, 1996-இல் விடுதலையானவர்களில் ஒருவன், துணியிலிருந்த சிறு ரத்தக்கறையைக் கொண்டு 2012 ஜனவரியில் தண்டனை அடைந்தான்.

இது நல்ல காரியந்தான். ஆனாலும் நான் எச்சரிக்கிறேன். கதவை ஒரு விரற்கடை திறந்து வைக்கலாம், கழற்றி எறிந்துவிடக்கூடாது. எறிந்துவிட்டால் முதலில் இழுத்துக்கொண்டு போகப்படுகிறவன் மிராசுதாரன் அல்ல. கூலி கேட்டவன், கூட்டம் போட்டவன், எதிர்த்துப் பேசினவன், இவர்களைத்தான் விடுதலையான மறுநாளே மறுபடியும் கூண்டில் ஏற்றுவார்கள். இந்த விதி ஏழைக்கு உள்ள கொஞ்சம் கூரை. ஒழுகுகிறதென்று கூரையைப் பிரித்துப்போடுகிறவன் புத்திசாலி அல்ல.

ஆகவே பரிகாரம் இரண்டாவது விசாரணையில் இல்லை. முதல் விசாரணையில் இருக்கிறது. பிராதை எழுதிக்கொள்கிற போலீசுக்காரன் எந்தப் படியால் அளக்கிறான்? சாட்சியை நம்புகிறவர்கள் எதைப் பார்த்து நம்புகிறார்கள், வேட்டியையா, சொல்லையா? ஜட்ஜி நாற்காலிகளில் எல்லா வகுப்பாரும், பெண்களும் உட்கார்ந்திருக்கிறார்களா? இவற்றை நாம் கவனிக்கவேண்டும். ஒரு கேஸை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். நான் முன்பே சொன்னபடி, இரண்டு மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஊரில், ஒரே வருஷத்தில், ஒரே குற்றத்துக்கு, பெரிய வீட்டுக்காரனுக்கு என்ன ஆயிற்று, சேரிக்காரனுக்கு என்ன ஆயிற்று என்று எழுதி வையுங்கள். அந்தக் கணக்குத்தான் இரட்டைப் படியைக் காட்டிக்கொடுக்கும் ரசீது.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பவேண்டியதில்லை. வருஷங்களைச் சொல்லியிருக்கிறேன், சட்டப் பிரிவுகளைச் சொல்லியிருக்கிறேன். வாசகசாலையில் புத்தகம் இருக்கிறது. புரட்டிப் பார்த்து, சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டால் மட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் வார்த்தைகளை முடித்துக்கொள்கிறேன்.